சாயப்பட்டறைக்கு எதிராக வந்த மொட்டைக் கடிதம்

தம்பி,

இந்தக் கடிதத்தை நீ மட்டும் வாசித்துவிட்டு மடித்து வைத்துவிடாதே. வருகிற செவ்வாய்க்கிழமை பின்னேரம் பழைய சாயப்பட்டறையில் உங்கள் பியர் ஆலைச் சங்கம் கூடும்போது, எல்லாருக்கும் முன்னால், ஜேர்மன்காரருக்கும் விளங்க, இதை நீ டொச்சில் வாசிக்க வேண்டும். ஒரு வரியையும் விடாதே. விட்டால் எனக்குத் தெரியும். என் டொச் பேசுவதற்குத்தான் உதவாது, மற்றவன் எதை விழுங்குகிறான் என்று கேட்டுப் பிடிப்பதற்கு நன்றாகவே உதவும். தமிழில் உள்ளதை ஒரு பிரதி எடுத்து, நாங்கள் மரக்கறி வாங்குகிற தமிழ்க்கடையின் அறிவித்தல் பலகையில், கோயில் திருவிழா நோட்டீசுக்குப் பக்கத்தில் நானே கொண்டுபோய்க் குத்தப்போகிறேன்.

இப்போதே உன் நெற்றி சுருங்கியிருக்கும். "அப்பா திரும்பவும் ஏதோ சந்தேகத்திலை வெளிக்கிட்டிட்டார்" என்று உன் கூட்டாளி யோனாசிடம் சொல்வாய். சொல்லு. நான் சந்தேகக்காரன்தான். உன் அம்மா என்னைச் சந்தேகப் பிராணி என்று கூப்பிடத் தொடங்கி இருபது வருஷத்துக்கு மேலாகிறது. கதவைப் பூட்டிவிட்டு மூன்று தரம் இழுத்துப் பார்ப்பேன். கடையில் வாங்கிய வெங்காயத்தை வீட்டுத் தராசில் திரும்பவும் நிறுப்பேன். டொக்டர் சிரித்தால் வருத்தம் பெரிசு, அதுதான் மறைக்கிறார் என்று நினைப்பேன். சிரிக்காவிட்டாலும் அப்படித்தான் நினைப்பேன். ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, மேற்கு பேர்லினுக்கு ரயில் எந்தப் பக்கம் என்று தெரியாமல் ஒரு பையோடு நின்ற என்னிடம், முன்பின் தெரியாத ஒரு வயதான பெண் வந்து, கையைப் பிடித்து ஒரு படிக்கட்டைக் காட்டினாள். இவள் ஏன் எனக்கு வழி காட்டுகிறாள் என்று யோசித்துவிட்டு நான் நேர் எதிர்ப்பக்கம் நடந்தேன். மூன்று மணித்தியாலம் குளிரில் அலைந்தபிறகு அவள் காட்டிய அதே படிக்கட்டில்தான் இறங்கினேன். அதிலிருந்து ஏதாவது பாடம் படித்தேனா என்று கேட்காதே. அவள் எதற்காகக் காட்டினாள் என்று இன்றைக்கும் சில வேளை யோசிக்கிறேன்.

இப்படிப்பட்டவனுக்கு நீ மகனாக வந்து வாய்த்தாய். உலகக் கிண்ண உதைபந்தாட்டம் நடந்த கோடையில், தெருவெல்லாம் கொடி கட்டிச் சனம் கத்திக்கொண்டிருந்தபோது, நீயும் யோனாசும் எங்கள் குசினியில் அம்மாவின் பொங்கல் கிடாரத்தை அடுப்பில் ஏற்றி முதல் பியரைக் காய்ச்சினீர்கள். வீடு முழுக்க அவித்த தானிய மணம். "பொங்கிற சட்டியிலை என்னடா காய்ச்சிறியள், நாசமறுவாரே!" என்று அம்மா கரண்டியோடு துரத்தினா. பிறகு நீ பல்கலைக்கழகத்தை விட்டுவிட்டு, பியர் காய்ச்சப் படிக்கிற அவுஸ்பில்டுங்குக்குப் போவதாகச் சொன்னாய். அன்று நான் சத்தம் போட்டது உனக்கு ஞாபகம் இருக்கும். படிப்புப் போய்விட்டதே என்ற கவலை என்று நீ நினைத்தாய். நானும் அப்படித்தான் சொன்னேன். உண்மையான காரணம் வேறு. அதைச் சொல்லத்தான் இவ்வளவு பக்கம் எழுத வேண்டியிருக்கிறது.

பிறகு சங்கம் வந்தது. ஆற்றோரம், தொங்கு ரயில் பாதைக்குக் கீழே பூட்டிக் கிடந்த அந்தச் சாயப்பட்டறையைத் திருத்தி, வுப்பர்டாலில் எங்கள் தெருவுக்கென்றே ஒரு பியர் ஆலை. தெருவில் பாதிப்பேர் பங்குக்காரர். பங்கு கூடின ஆளுக்கும் குறைந்த ஆளுக்கும் ஒரே ஒரு வாக்கு. சனிக்கிழமைகளில் வந்து சுவர் சுரண்டுகிறார்கள், ஓடு மாற்றுகிறார்கள், கேக் செய்து கொண்டுவருகிறார்கள், ஒரு சதம் கூலி இல்லை. இதையெல்லாம் நீ கண்கள் மினுங்க எனக்கு விளங்கப்படுத்தினாய். நான் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டேன். "சும்மா ஏன் செய்யினம்? அவையளுக்கு என்ன வேணுமாம்?"

"நல்ல பியர் வேணுமாம் அப்பா. அவ்வளவுதான்."

நான் நம்பவில்லை. ஒரு சனிக்கிழமை உனக்குத் தெரியாமல் வந்து, ஆற்றுப் பாலத்தில் நின்று அரை நாள் பார்த்தேன். ஒருவரும் ஒன்றையும் களவெடுக்கவில்லை. அது என் சந்தேகத்தைக் கூட்டியது. அதிலும் எங்கள் ஆட்களில் செல்வம் அண்ணை ஒரு பங்கு எடுத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டதும், அவர் எதற்கு எடுத்தார் என்று விரல் விட்டுக் கணக்குப் போடத் தொடங்கினேன். கோயில் சபையில் நிற்கிற, பியரை வாயில் வைக்காத மனிதர். எங்களுக்கிடையில் முதல் சந்திப்பே அகதி முகாமின் சாப்பாட்டு வரிசையில்தான். தட்டை ஏந்திக்கொண்டு நிற்கும்போதே கேட்டார்: "தம்பி, நீங்கள் ஊரிலை எவடம்?" நான் பக்கத்துப் பெரிய ஊர் ஒன்றின் பெயரைச் சொன்னேன். "அதிலை எந்தப் பக்கம்? கோயிலுக்குக் கிட்டவோ, அங்காலையோ?" கோயிலுக்குக் கிட்ட என்றேன். அந்த ஊரின் கோயிலை நான் கண்டது வெளி வீதியில் நின்றுதான். அவர் சிரித்துக்கொண்டு தலையாட்டினார். அந்தச் சிரிப்பு நம்பிய சிரிப்பா நம்பாத சிரிப்பா என்று இருபது வருஷத்துக்கு மேலாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இனி ஹேர் பெக்மனைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஹேர் என்று மரியாதை போட்டுத்தான் அவரைக் கூப்பிட வேண்டும். கூட்டத்தில் இருக்கிற எல்லாருக்கும் அவரைத் தெரியும், ஆனால் எங்கள் கதவில் அவர் ஒட்டிய கடுதாசித் துண்டுகளைத் தெரியாது. எங்களுக்கு நேர் கீழ் வீட்டில், நாங்கள் குடிவந்த நாளிலிருந்து இருக்கிறார். அந்தச் சாயப்பட்டறையிலேயே மெக்கானிக்காக வேலை செய்து ஓய்வு பெற்றவர். கருவாடு பொரித்தால் துண்டு. படிக்கட்டில் சப்பாத்து விட்டால் துண்டு. ஞாயிற்றுக்கிழமை மிளகாய் இடித்தால் துண்டு. மணிமணியான எழுத்து, மேலே திகதி, கீழே முழுப்பெயரும் கையெழுத்தும். ஒவ்வொரு துண்டும் ஒரே வசனத்தில்தான் முடியும்: "இதை நான் கடைசித் தடவையாகச் சொல்லவில்லை." அந்த வசனம் எங்கள் கட்டடத்தில் சின்னப் பிள்ளைக்கும் பாடமாம், எனக்குத்தான் அது கடைசியில் தெரிந்தது. அவர் எழுதிய ஒவ்வொரு துண்டையும் நான் எறியாமல் துளை போட்டுக் கோவையில் கோத்து வைத்தேன். நாளைக்கு வழக்கு என்று வந்தால் சாட்சிக்கு வேண்டுமே!

அதே மனிதர்தான் உனக்கு ஆறு வயதாக இருக்கும்போது உன் சைக்கிள் சங்கிலியைத் திருத்தித் தந்தவர். நான் உடனே அதை உருட்டிக்கொண்டு சைக்கிள் கடைக்குப் போய், ஏதாவது கழற்றி வைத்திருக்கிறாரா என்று பார்க்கச் சொன்னேன். கடைக்காரன் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதைச் செய்தவருக்கு வேலை தெரியும்" என்றான். அதை நான் வீட்டில் சொல்லவே இல்லை. உங்கள் சங்கத்தின் முதல் கூட்டத்திலும் அவர் எழும்பி மணத்தைப் பற்றியும் சத்தத்தைப் பற்றியும் முறைப்பாடு சொன்னார், அதையும் அந்த வசனத்திலேயே முடித்துவிட்டுப் பங்கு எடுத்தார். அடுத்த சனிக்கிழமை குறடும் சுத்தியலும் நிறைந்த தன் ஆயுதப்பெட்டியோடு வந்து நின்றார். நிலத்துக்குக் கீழே எந்தக் குழாய் எங்கே போகிறது என்று அவருக்குத்தான் தெரியும். பம்புகளையும் கொதிகலனையும் உயிர்ப்பித்தவர் அவர். "அவர் இல்லாட்டி நாங்கள் இல்லை அப்பா" என்று நீயே சொன்னாய்.

அதன்பிறகு ஒருநாள் நீ வேலையால் வந்து, சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே கேட்டாய்: "அப்பா, அப்பப்பா என்ன வேலை செய்தவர்?"

என் கையில் தேத்தண்ணி இருந்தது. "ஏன்? ஆர் கேட்டது?"

"பேப்பர்க்காரி கேட்டவா. அதோடை ஆலையிலை ஒரு சுவர் முழுக்க எல்லாரின்ரை குடும்பக் கதையும் எழுதப் போறம். யோனாசின்ரை பூட்டன் நிலக்கரிச் சுரங்கத்திலை வேலை. எங்கடை என்ன?"

"கமம்."

"என்ன கமம்?"

"புகையிலை. வெங்காயம்."

"மாடு இருந்ததே?"

"நாலு" என்றேன். யோசிக்கவே இல்லை, நாலு என்று வாய் சொல்லிவிட்டது. நீ அதை அப்படியே நம்பினாய். பேப்பரிலும் வந்தது, விவசாயியின் பேரன் பார்லியைத் தேடிப் போனான் என்று. அதோடு விட்டாயா? "கனடா மாமியிட்டையும் கேக்கப் போறன். அப்பப்பான்ரை படம் இருந்தா அனுப்பட்டும், சுவரிலை பெரிசாப் போடுவம்" என்றாய். நான் கோப்பையைக் கழுவப் போவதுபோல எழும்பிப் போனேன்.

தம்பி, உன் அப்பப்பா பனை ஏறிக் கள்ளு இறக்கியவர். ஒரு மாடும் இல்லை, ஒரு பரப்புக் காணியும் இல்லை. நீ இங்கே வளர்ந்தவன், "அதுக்கென்ன?" என்பாய். எங்கள் ஊரில் அது வெறும் தொழில் இல்லை. எந்தக் கிணற்றில் தண்ணீர் அள்ளலாம், எந்தக் கோயிலில் வாசலோடு நிற்க வேண்டும், தேத்தண்ணிக் கடையில் எந்தப் பேணியை எடுத்துக் குடிக்க வேண்டும் என்று பிறக்கும்போதே நெற்றியில் எழுதிவிடுகிற ஒன்று. பிறகு ஒரு காலம் வந்தது, கள்ளிறக்குகிறவர்களுக்கென்று கூட்டுறவுச் சங்கம் அமைந்தது, தவறணை என்று நாங்கள் சொல்கிற கள்ளுக்கடை சங்கத்தின் கைக்கு வந்தது. அப்பாவும் உறுப்பினரானார். ஆளுக்கொரு வாக்கு என்று நீ கண்கள் மினுங்கச் சொன்னாயே, அதே கண்களோடு அதே கதையை எனக்கு அவர் சொல்லியிருக்கிறார். அதனால்தான் உன் முகத்தை நேரே பார்க்க என்னால் ஏலாமல் இருந்தது. நான் காற்சட்டை போட்ட வயதிலிருந்து எதிலிருந்து ஓடினேனோ, நீ என் கிடாரத்தைத் தூக்கிக்கொண்டு நேரே அதற்குள் போகிறாய். அதுவும் சிரித்துக்கொண்டு, பேப்பரில் படத்தோடு.

ஆலை திறந்தால் சுவர் வரும். சுவர் வந்தால் கனடாவிலிருந்து கதை வரும். கதை வந்தால் செல்வம் அண்ணை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நின்று வாசிப்பார். என் புத்தி இப்படித்தான் ஓடியது. ஆலை திறக்காவிட்டால் ஒன்றும் இல்லை. அப்போது என் கை எங்கள் ஆட்களுக்கு நன்றாகப் பழகின ஒரு வேலையைச் செய்தது. ஊரில் ஒருத்தனுக்கு வேலை கிடைத்தால், ஒரு பெண்ணுக்குக் கலியாணம் பேசினால், பெயரில்லாமல் ஒரு கடிதம் போகும். மொட்டைக் கடிதம். என் தங்கச்சிக்கு, அதுதான் உன் கனடா மாமிக்கு, பேசிவந்த முதல் சம்பந்தம் அப்படி ஒரு கடிதத்தால்தான் முறிந்தது. அதை எழுதினவனின் கை புழுக்க வேண்டும் என்று என் அம்மா மண் அள்ளித் திட்டினா. அந்த வீட்டுப் பிள்ளை நான், நகரசபை அலுவலகத்துக்கு ஒரு மொட்டைக் கடிதம் எழுதினேன். என் சொந்த மகனின் ஆலைக்கு எதிராக.

ஆம், நான்தான். மூச்சை விட்டுவிட்டு மிச்சத்தை வாசி.

என் டொச்சில் அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினால் முதல் வரியிலேயே இது வெளிநாட்டுக்காரன் என்று பிடித்துவிடுவார்கள். ஆகவே கோவையைத் திறந்தேன். ஹேர் பெக்மனின் துண்டுகளிலிருந்து வசனங்களைப் பொறுக்கினேன். மணத்துக்கு ஒன்று, சத்தத்துக்கு ஒன்று, ஒழுங்கான குடியிருப்பில் இது நடக்கக் கூடாது என்பதற்கு ஒன்று. நீ விட்டுப்போன பழைய கொம்பியூட்டரில் ஒற்றை விரலால் தட்டினேன். கடைசி வரியையும் சேர்த்தேன், "இதை நான் கடைசித் தடவையாகச் சொல்லவில்லை" என்று. அது ஒரு நல்ல அதிகாரமான முடிவு போலப் பட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், அவரை மாட்டிவிட வேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை. எல்லா டொச்சுக்காரரும் அப்படித்தான் கடிதம் முடிப்பார்கள் என்று நினைத்திருந்தேன். தபால் முத்திரையில் வுப்பர்டால் என்று விழக் கூடாது என்று ரயிலேறி அடுத்த நகரமான ஹாகனுக்குப் போய்ப் பெட்டியில் போட்டேன். ஹேர் பெக்மனின் தங்கை ஹாகனில் இருக்கிறார் என்று எனக்கு எப்படித் தெரியும்?

அலுவலகம் மணத்தை அளக்க ஆள் அனுப்பியது, திறப்புவிழா வசந்தத்திலிருந்து புரட்டாதிக்குத் தள்ளிப் போனது, நீ மெலிந்தாய். கடைசியில் அளந்தவர்கள் ஒரு குறையும் இல்லை என்று எழுதிவிட்டார்கள், அனுமதி கிடைத்தது. அதோடு அந்தக் கடிதத்தின் பிரதியும் அதன் உறையின் பிரதியும் உங்கள் கைக்கு வந்தன. போன மாதக் கூட்டத்தில் யோனாஸ் அதை உரத்து வாசித்தானாம். கடைசி வரி வந்ததும் முழுச் சனமும் ஒரு பக்கம் திரும்பியதாம். ஹேர் பெக்மன் எழும்பி, "இது என்னுடையது அல்ல" என்று ஒரு தரம் சொன்னார், இரண்டாம் தரம் சொல்லவில்லை, ஆயுதப்பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இதை நீ எங்கள் மேசையில் இருந்து புட்டுச் சாப்பிட்டுக்கொண்டு சொன்னாய்.

"அந்தாள்தான் அப்பா. அதே வசனம், ஹாகன் முத்திரை. இனி என்ன சாட்சி வேணும்? செவ்வாய்க்கிழமை சங்கத்தாலை விலத்த வாக்கெடுப்பு. விலத்தச் சொல்லி நான்தான் அன்ட்ராக் எழுதிக் குடுத்திருக்கிறன்."

அம்மா என்னைப் பார்த்தா. நான் புட்டை விழுங்கிவிட்டு, "ஒருத்தரையும் நம்பாதை எண்டு நான் அப்பவே சொன்னனான்" என்றேன். சொன்னேன் தம்பி, அந்த வாயால் அதையும் சொன்னேன். நீ போனபிறகு அம்மா கோப்பைகளைக் கழுவாமல் அப்படியே நின்றா. அவவிடம் நான் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. ஆனால் கொம்பியூட்டர் தட்டுகிற சத்தம் கேட்டிருக்கிறது, ஹாகன் ரயில் துண்டு என் காற்சட்டைப் பையில் இருந்து துவைக்கும்போது வந்திருக்கிறது.

"உங்கடை பயத்துக்கு அந்த மனுசன் பலியோ?" என்று கேட்டா. "சொல்லித் துலையுங்கோ. எத்தினை பேரைத்தான் இல்லையெண்டு சொல்லுவியள்?"

அவ எதைச் சொன்னா என்று உனக்கு விளங்காது, எனக்கு விளங்கியது. நான் ஊரை விட்டு வெளிக்கிட்ட அன்று, கொழும்பு பஸ்ஸுக்காக யாழ்ப்பாண பஸ் நிலையத்தில் நின்றேன். என்னோடு படித்த ஒருவனும் அதே பஸ்ஸுக்கு வந்திருந்தான், பெரிய இடத்துப் பெடியன். அந்த நேரம் பார்த்து அப்பா வந்தார். தொழிலால் நேரே வந்திருந்தார், சட்டை மாற்றவில்லை, பக்கத்தில் வந்தால் கள்ளு மணக்கும். கையில் ஒரு பையில், பனங்கிழங்கை அவித்துக் காயவைத்த புழுக்கொடியல். "ஆர் அந்தாள்?" என்று அவன் கேட்டான். "எங்கடை வளவிலை வேலைக்கு வாறவர்" என்றேன்.

அப்பாவுக்குக் கேட்டுவிட்டது. முகத்தில் ஒன்றையும் காட்டவில்லை. பையை என்னிடம் நீட்டி, "ஐயா இதைக் குடுத்துவிட்டவர் தம்பி, வழியிலை சாப்பிடட்டாம்" என்றார். இல்லாத ஒரு ஐயாவை எனக்கு அப்பாவாக்கிவிட்டு, தான் வேலைக்காரனாகத் திரும்பி நடந்தார். நான் கூப்பிடவில்லை. பிறகு அவரைக் காணவும் இல்லை. ஐந்து வருஷம் கழித்துச் செத்த செய்தி வந்தபோது எனக்குப் போக விசா இல்லை. வீட்டுக்குள் இருந்து அழுதேன், வந்து கேட்டவர்களுக்குக் கமம் செய்த அப்பா என்றே சொன்னேன்.

நேற்றுப் பின்னேரம் கீழே இறங்கிப் போய் ஹேர் பெக்மனின் கதவைத் தட்டினேன். இத்தனை வருஷத்தில் நானாகத் தட்டியது அதுதான் முதல் தரம். கதவைத் திறந்தவர் முதலில் என் காலைப் பார்த்தார். கையில் கோவையை வைத்திருந்தேன். அவருடைய துண்டுகளையும், என் கடிதத்தின் பிரதியையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டி, நெஞ்சைத் தொட்டு, "நான். கடிதம். நான்" என்றேன். இருபது வருஷ டொச்சில் எனக்கு வந்தது அந்த மூன்று சொல்தான்.

அவர் இரண்டையும் வரி வரியாக ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, ஏன் என்று கேட்டார்.

சொன்னேன். அப்பா, உயரமான மரம், மரத்திலிருந்து பியர் மாதிரி ஒன்று, எங்கள் சனம், வெட்கம். கையாலும் காலாலும் சொன்னேன். உனக்குச் சொல்லாததை, செல்வம் அண்ணைக்கு மறைத்ததை, இந்த நாட்டில் முதன்முதலாக ஹேர் பெக்மனின் வாசலில் நின்று சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு அவர் "உண்ட்?" என்றார். அதற்கென்ன என்று அர்த்தம், அது உனக்குத் தெரியும். மரியாதைக்குச் சொன்னாரா, விளங்காமல் சொன்னாரா, என்னைக் கொச்சைப்படுத்தச் சொன்னாரா என்று நேற்றிலிருந்து புரட்டிப் புரட்டிப் பார்க்கிறேன். எப்படிப் பார்த்தாலும் அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒன்றையும் காணவில்லை. இவ்வளவு காலமும் நான் பயந்த கேள்விக்கு ஒரு மனிதனின் மறுமொழி அவ்வளவுதான். பிறகு அவர் கோவையை விரலால் தட்டி, "ஆனால் இவை என்னுடைய வசனங்கள்" என்றார். கதவைச் சாத்திவிட்டார்.

இன்று காலை எங்கள் கதவில் துண்டு. திகதி, முழுப்பெயர், கையெழுத்து. எடுத்த வசனங்களைச் செவ்வாய்க்கிழமை எல்லாருக்கும் முன்னால், சொந்தப் பெயரோடு திருப்பித் தர வேண்டுமாம். மூன்றாவது பம்பின் இறப்பர் வளையம் தேய்ந்திருக்கிறதாம், ஆலையில் முதல் தரம் பியர் காய்ச்சுவதற்கு முன் மாற்றாவிட்டால் ஒழுகும் என்று உன்னிடம் சொல்ல வேண்டுமாம். படிக்கட்டில் நேற்றும் ஒரு சோடிச் சப்பாத்து இருந்ததாம். இதை அவர் கடைசித் தடவையாகச் சொல்லவில்லையாம். வளையத்தைப் பற்றிச் சொன்னது மன்னிப்பா, வேலையில் பிழை பொறுக்காத குணமா என்று எனக்குத் தெரியவில்லை. செவ்வாய்க்கிழமை வருவாரா என்றும் தெரியவில்லை. வந்தால் முன் கதிரையை அவருக்கு விடு. உன் அன்ட்ராக்கை நீயே எழும்பித் திருப்பி எடு, என்னுடைய பிழைக்காக என்று சொல்லாதே, உன்னுடைய அவசரத்துக்காக என்று சொல்லு. சாட்சி எல்லாம் சரியாகப் பொருந்தி வந்தால்தான் கூடக் கவனமாக இருக்க வேண்டும். அதே கூட்டத்தில் என்னை விலத்துவதற்கு ஒரு வாக்கெடுப்பு வையுங்கள் என்று கேட்க எனக்கு வழியில்லை, நான் உறுப்பினரே இல்லை. இந்தத் தெருவில் பாதிப்பேர் பங்கு எடுத்த உன் ஆலையில் உன் அப்பா ஒரு பங்கு கூட எடுக்கவில்லை.

உனக்கு நான் காலம் முழுக்கச் சொன்ன புத்தி ஒன்றுதான்: ஆரையும் சந்தேகப்படு, எதையும் திரும்ப நிறுத்துப் பார். அதை இப்போதும் நான் முழுதாக விடவில்லை, யோனாசோடு செய்கிற ஒப்பந்தத்தை இரண்டு தரம் வாசித்துவிட்டுத்தான் ஒப்பம் வை. ஆனால் ஊரிலுள்ள எல்லாரையும் நிறுத்துப் பார்த்த நான், என்னை ஒருநாளும் தராசில் வைக்கவில்லை. நீ உன்னையும் வைத்துப் பார்.

இந்தக் கடிதத்தோடு ஒரு அட்டை இருக்கிறது, கவனமாக எடு, ஓரம் உதிர்கிறது. அப்பா செத்தபிறகு உன் மாமி எனக்கு அனுப்பியது. ஹேர் பெக்மனின் துண்டுகளுக்குக் கீழே, கோவையின் அடியில் அதை ஒளித்து வைத்திருந்தேன். கள்ளிறக்கும் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தின் உறுப்பினர் அட்டை. ஒப்பம் வைக்கிற இடத்தில் பார், பெருவிரல் மை. உன் அப்பப்பாவுக்கு எழுதத் தெரியாது. அந்த விரலை வைத்த எதையும் பிறகு தன்னுடையது இல்லை என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. என்னைப் பள்ளிக்கூடம் அனுப்பி, என் பெயரை நானே எழுத வைத்தவர் அவர்தான். அந்தப் பெயரை எழுத வேண்டிய இடத்தில் நான் வெறும் தாளை விட்டேன்.

படம் ஒன்றும் இல்லை. சுவரில் இந்த அட்டையைப் போடு. நாலு மாட்டையும் அழித்துவிடு.

நீ வாசித்து முடித்ததும், எழுதினது ஆர் என்று ஒருவரும் கேட்க வேண்டி வராது. கதவடியில் நின்றுகொண்டிருப்பேன், செல்வம் அண்ணைக்கும் தெரிகிற மாதிரி உள்ளே வந்து நிற்பேன்.

மற்றப் பக்கத்தில் என் முழுப்பெயரும், திகதியும், என் சொந்த ஊரின் பெயரும், கையெழுத்தும் இருக்கின்றன.

உன் அப்பா,
பனையேறிக் கள்ளிறக்கியவரின் மகன்.